இறால் கிடங்கில் அண்டார்டிகா

ஜெனிட்டா தஞ்சாவூர்ப் பல்கலைக்கழகத்தில் வேலையில் சேர வந்த அன்று, அவளுக்கு ஒதுக்கிய அறையின் கதவில் ஏற்கெனவே ஒரு பெயர்ப்பலகை இருந்தது. 'முனைவர் ஜெரால்ட், வேதியியல்.' படித்ததும் திரும்பிப் போய் வேறு அறை கேட்கலாமா என்றுகூட யோசித்தாள்.

காரணம் இருந்தது. போன வருஷம் சென்னையில் நடந்த ஒரு கருத்தரங்கில், ஹால் நிறைய ஆட்கள் இருக்கும்போது மேடையேறி, இந்த ஜெரால்டின் அளவுகள் தப்பு என்று சொன்னவள் அவள்தான்.

ஜெரால்ட் தஞ்சாவூர்க்காரன். படிப்பு முடித்த கையோடு அண்டார்டிகாவுக்குப் போன குழுவில் ஒருவன். அங்கே பனிப்பரப்பைத் துளைத்து உருளை உருளையாகப் பனிக்கட்டியை வெளியே எடுப்பார்கள். ஐஸ் கோர் என்று பெயர். வருஷா வருஷம் விழுந்த பனி அதில் அடுக்கடுக்காக இருக்கும். ஜெரால்ட் அதில் தேடியது ஓர் அமிலத்தை. கடலில் மிதக்கும் நுண்ணிய பாசிகளிடமிருந்து ஒரு வாயு வருகிறது. அது காற்றில் கலந்து அமிலமாக மாறி, பனியோடு சேர்ந்து தரையில் விழுகிறது. ஓர் அடுக்கில் அந்த அமிலம் கூடுதலாக இருந்தால், அந்த வருஷம் கடலில் பாசி செழித்தது என்று அர்த்தம். ஜெரால்ட் கோரை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, ஒரு பாதியை அங்கேயே முகாமில் உருக்கி அளந்தான். அளவுகள் நன்றாக வந்தன, கட்டுரையும் வெளியானது. மறுபாதி கப்பலேறி இந்தியாவுக்கு வந்து, மேற்குக் கரையில் ஒரு குளிர்கிடங்கில் போய்ப் படுத்துக்கொண்டது.

பல வருஷம் கழித்து, அந்த மறுபாதியிலிருந்து அறுத்துப் பையில் போட்டு வைத்திருந்த பட்டைகள் ஜெனிட்டாவின் கைக்கு வந்தன. அவளுடைய ஆராய்ச்சிக்கு அவைதான் ஆதாரம். அளந்து பார்த்தாள். அதே ஐஸ், அதே ஆழம், அதே அமிலம். ஆனால் ஜெரால்ட் சொன்னதில் மூன்றில் ஒரு பங்கைக் காணோம். திரும்பத் திரும்ப அளந்தாள். காணோம் என்றால் காணோம்தான். 'முதலில் அளந்தவரின் கருவி கூட்டிக் காட்டியிருக்கிறது' என்று எழுதினாள், மேடையில் பேசினாள், கைதட்டலும் வாங்கினாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். ஒருவன் நாற்காலிமேல் ஏறி நின்று மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"வாங்க மேடம். உங்க பக்கத்து ஃபேன்ல ஒரே தூசி. இதோ முடிஞ்சிடுச்சு."

"நீங்க... ஜெரால்ட் சாரா?"

"ஆமா. தப்பா அளக்கிற ஜெரால்ட்."

அவள் முகம் சிவந்துவிட்டது. அவன் நாற்காலியிலிருந்து இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, "உட்காருங்க. காபி சொல்லட்டுமா?" என்று கேட்டான். கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

ஆனால் ஒரே அறையில் இருக்கும் இரண்டு பேர் எத்தனை நாளைக்குத்தான் காபியை மட்டும் பேசிக்கொண்டிருப்பார்கள்? ஒருநாள் மதியம் சாப்பாட்டு டப்பாக்களைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் மோதிக்கொண்டார்கள்.

"நீங்க அளந்தப்ப கருவி சரியாத்தான் இருந்துச்சா சார்?"

"நீங்க அளந்தப்ப ஐஸ் சரியாத்தான் இருந்துச்சா மேடம்?"

ஜெனிட்டா சிரித்துவிட்டாள். "ஐஸுக்கு என்ன சார் ஆகும்? கிடங்குல இருந்த காலமெல்லாம் மைனஸ் இருபது. ஒரு சொட்டுகூட உருகலை. உள்ள இருக்கிறது எங்க போகும்?"

ஜெரால்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு கழுவப் போனான்.

ஆனால் சாயங்காலம் பூண்டிப் பக்கம் தன் ஊருக்கு பஸ்ஸில் போகும்போது அந்தக் கேள்வி அவளோடு கூடவே வந்தது. ஐஸ் சரியாக இருந்ததா? அந்த வாரக் கடைசியில் தன் அளவுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இதுவரை ஆழத்தை வைத்துத்தான் வரிசைப்படுத்தியிருந்தாள். இந்தத் தடவை பட்டைகளின் தடிமனை வைத்து அடுக்கினாள். கிடங்கில் யாரோ அவசரத்தில் அறுத்த பட்டைகள் அவை, ஒன்று போல் ஒன்று இருக்காது. விரல் தடிமன் இருந்தவற்றில் அமிலம் பாதியாகக் குறைந்திருந்தது. நாலு விரல் தடிமன் இருந்தவற்றில் குறைந்தது கொஞ்சம்தான்.

ஜெரால்டின் கருவியில் கோளாறு என்றால், அவள் பட்டையின் தடிமனுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. அப்படியானால் அமிலம் ஐஸிலிருந்துதான் போயிருக்கிறது. உருகாமலே, கெட்டியாக உறைந்து கிடக்கும்போதே, மெல்ல மெல்ல வெளிப்பக்கம் நகர்ந்து நழுவியிருக்கிறது. மெல்லிய துண்டில் வெளிப்பக்கம் கிட்டத்தில் இருக்கிறது, அதனால் இழப்பும் அதிகம்.

தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. அவள் அம்மா அமலோற்பவம் எதிரே வந்து உட்கார்ந்தார். "ஏன்டி, சோத்தை வச்சுக்கிட்டு என்ன கணக்கு?"

"அம்மா, ஒருத்தர் மேல அநியாயமா பழி போட்டுட்டேன் போல இருக்கு."

"யார் மேல?"

"பக்கத்து டேபிள்."

"அப்ப நாளைக்கே போய்ச் சொல்லிடு. பக்கத்து டேபிளோட பகையை வச்சுக்கிட்டு எப்படி வேலை பாப்பே? முதல்ல சாப்பிடு."

மறுநாள் போனதும் சொல்லிவிட்டாள். மடிக்கணினியை அவன் பக்கம் திருப்பி, வரைபடத்தைக் காட்டினாள். ஜெரால்ட் ஒவ்வொரு புள்ளியாக விரல் வைத்துப் பார்த்தான். முகத்தில் வெளிச்சம் வந்தது, பிறகு அடங்கியது.

"கேக்க நல்லாத்தான் இருக்கு மேடம். ஆனா இது ஊகம்தானே?"

"ஊகம்தான். நிரூபிச்சிடலாம். அந்தக் கிடங்குல இன்னும் அறுக்காத ஒரு துண்டு இருக்கு, நல்ல தடிமன். வெங்காயம் உரிக்கிற மாதிரி வெளியிலேர்ந்து அடுக்கடுக்கா உரிச்சு அளப்போம். நான் சொல்றது சரின்னா வெளி அடுக்குல கம்மியா இருக்கும், உள்ள போகப்போகக் கூடும். நடு மையத்துல உங்க எண் வரணும்."

"வரலைன்னா?"

"வரலைன்னா நீங்க தப்புதான் சார்."

அவன் எழுந்து ஜன்னலருகே போய் நின்றான். "அது ஒண்ணுதான் மிச்சம் மேடம். அறுத்துட்டா போச்சு. அந்தக் குளிர்ல, கூடாரத்துல உட்கார்ந்து, விரல் மரத்துப்போக நான் அளந்தது அது. சரியாத்தான் அளந்தேன்னு இத்தனை வருஷமா நம்பிக்கிட்டிருக்கேன். அந்த நம்பிக்கையையும் சேர்த்து அறுக்கணுமே."

ஜெனிட்டா வற்புறுத்தவில்லை. இரண்டு வாரம் அதைப்பற்றி வாயே திறக்கவில்லை. பிறகு ஒருநாள் காலையில், அவள் பையை வைப்பதற்கு முன்பே ஜெரால்ட் சொன்னான்: "கிடங்குக்குக் கேட்டு எழுதிட்டேன் மேடம். அனுப்புறாங்களாம்."

ஐஸ் ஜூன் மாதத்தில் திருச்சி விமான நிலையத்தில் வந்து இறங்கியது. பல்கலைக்கழகத்தின் டீப் ஃப்ரீசரில் வைத்துப் பூட்டினார்கள். அறுக்க நாள் பார்த்தார்கள். அந்த நாளும் வந்தது. காலையில் ஜெனிட்டா ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது ஃப்ரீசரிலிருந்து சத்தமே வரவில்லை. திரையில் மைனஸ் பதினொன்று என்று இருந்தது. அவள் பார்க்கும்போதே மைனஸ் பத்தானது.

மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, கம்ப்ரஸர் போய்விட்டது, சென்னையிலிருந்து வரவேண்டும் என்றார். வெளியே வெயில் கொளுத்தியது.

"உருகறதுக்கு நேரமாகும். ஆனா சூடு ஏற ஏற அமிலம் இன்னும் வேகமா வெளியேறும்," என்றாள் ஜெனிட்டா. "மைனஸ் இருபது வேற எங்க சார் இருக்கு?"

ஜெரால்ட் போனை எடுத்தான். "சித்தீக், எங்கடா இருக்கே? மார்க்கெட்லயா? நல்லதாப் போச்சு, வேனைக் காலி பண்ணிட்டு நேரா இங்க வா."

சித்தீக் அவனோடு கல்லூரியில் வேதியியல் படித்தவன். இப்போது முத்துப்பேட்டையில், மைனஸ் இருபதில் இறாலை உறையவைக்கும் கிடங்கு வைத்திருந்தான். தினமும் காலையில் தஞ்சாவூர் மீன் மார்க்கெட்டுக்கு அவன் குளிர்வேன் வரும். கொஞ்ச நேரத்தில் வேன் வளாகத்துக்குள் நுழைந்தது. அதற்கு முன்னால் அதன் வாசனை நுழைந்தது.

"அண்டார்டிகாவா? என் வண்டியிலயா?" என்று சித்தீக் வாயைப் பிளந்தான். "ஏறுங்க மேடம். என் இறாலெல்லாம் இனிமே என்னை மதிக்கும்."

ஐஸைப் பின்னால் ஏற்றிவிட்டு, மூன்று பேரும் முன்னால் நெருக்கி உட்கார்ந்துகொண்டார்கள். ஒரத்தநாடு தாண்டும்வரை வண்டி பறந்தது. அப்புறம் ஒரு வாய்க்கால் பாலத்தில் ஏறமுடியாமல் நின்றுவிட்டது. பாலம் முழுக்க ஜனம். டிராக்டர்கள், சைக்கிள்கள், தலையில் துண்டைக் கட்டிய ஆண்கள், தட்டில் பூவோடு பெண்கள். கல்லணையில் திறந்த தண்ணீர் அன்றைக்குத்தான் அந்த வாய்க்காலுக்கு வந்துகொண்டிருந்தது. வெடித்துக் கிடந்த வாய்க்கால் தரையில், முதலில் நுரையும் சருகுமாக ஒரு நாக்கு நீண்டு வந்தது. பின்னால் பழுப்பு நிறத்தில் தண்ணீர். ஜனம் ஓவென்று கத்தியது. பூவும் விதைநெல்லும் மேலே பறந்து விழுந்தன.

ஒரு பெண்மணி வேனைத் தட்டினார். "என்ன மீனு?"

"மீன் இல்லம்மா, ஐஸு," என்றான் சித்தீக்.

"மீன் இல்லாம ஐஸை மட்டும் எதுக்குக் கொண்டுபோறீங்க?"

ஜெனிட்டா ஜன்னல் வழியாக எட்டிச் சொன்னாள்: "அக்கா, அது ரொம்பத் தூரத்துலேர்ந்து வந்த பழைய ஐஸ். ஆராய்ச்சிக்கு. சீக்கிரம் போகலைன்னா கெட்டுடும்."

அந்தப் பெண்மணி திரும்பி நின்று, வாய்க்கால் கரை அதிரும்படி குரல் கொடுத்தார்: "ஏய், வழி விடுங்கப்பா! ஐஸு உருகுதாம்!" அந்த வார்த்தை பாலத்தின் அந்தக் கோடி வரைக்கும் வாய் மாறி வாய் போனது. டிராக்டர் ஒன்று பின்வாங்கியது. ஆட்கள் ஓரமாக ஒதுங்கினார்கள். வேன் நகரும்போது அந்தப் பெண்மணி ஒரு கைப்பிடி நெல்லை ஜன்னலுக்குள் நீட்டினார். "நீயும் போட்டுட்டுப் போம்மா. நல்ல காரியமாத்தானே போறே."

ஜெனிட்டா பாதி உடம்பை வெளியே நீட்டி, பாலத்திலிருந்து நெல்லைத் தண்ணீரில் வீசினாள். அவள் அப்பா குழந்தைராஜும் இந்நேரம் தன் வயலுக்கு வரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பார் என்று நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஜெரால்ட் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். சித்தீக் ஜெரால்டைப் பார்த்தான். கியரை மாற்றினான்.

முத்துப்பேட்டையில், கிடங்கின் கதவைத் திறந்ததும் வெண்புகை போல் குளிர் வெளியே வந்தது. இறால் பெட்டிகளுக்கு நடுவே ஓர் ஓரத்தை ஒழித்துக் கொடுத்தான் சித்தீக். கிடங்கு ஆட்கள் போடும் மஞ்சள் கோட்டை மாட்டிக்கொண்டு இருவரும் உள்ளே போனார்கள். ஜெனிட்டா அங்கேயும் ஆய்வகச் சுத்தத்தை விடவில்லை. சுத்தமான பிளாஸ்டிக் விரித்தாள், ரம்பத்தைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். சுத்திகரித்த நீரில் உறையவைத்த ஒரு வெறும் ஐஸ்கட்டியையும் கொண்டு வந்திருந்தாள். அதையும் இதே இடத்தில் வைத்து, இதே ரம்பத்தால் அறுத்தாள். கிடங்கிலிருந்து ஏதாவது ஒட்டிக்கொண்டால் அந்த வெறும் கட்டியே காட்டிக்கொடுத்துவிடும்.

பிறகு ஐஸ் கோரை அதன் பையிலிருந்து வெளியே எடுத்தாள். ஜெரால்ட் பிடித்துக்கொள்ள, அவள் உரித்தாள். வெளி அடுக்கு ஒரு பாட்டிலில், அடுத்த அடுக்கு இன்னொன்றில். கடைசியில் கண்ணாடி போல ஒரு சின்ன மையம் மிஞ்சியது. குளிர் தாங்காமல் வெளியே வந்து வெயிலில் நின்றுவிட்டு மறுபடி உள்ளே போனார்கள். எல்லாம் முடிந்ததும் ஜெரால்ட் காலிப் பையைச் சுருட்டினான்.

"அதைத் தூக்கிப் போடாதீங்க!" என்று ஜெனிட்டா கத்தினாள். "உள்பக்கம் பாருங்க, மெல்லிசா உறைபனி படிஞ்சிருக்கு. ஐஸ்லேர்ந்து போனது எங்கேயாவது போயிருக்கணுமே சார்? இத்தனை வருஷம் அதைச் சுத்தி இருந்தது இந்தப் பை ஒண்ணுதான்."

அவள் பையையும் வெளியே கொண்டுவந்து சுத்த நீரால் அலசி, அந்த நீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் தஞ்சாவூரில், கருவி ஒவ்வொரு பாட்டிலாக அளக்கத் தொடங்கியது. ஜெரால்டால் உட்கார முடியவில்லை. வராந்தாவுக்குப் போய், ஆய்வகத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டான். ஜெனிட்டா மட்டும் திரையின் முன் இருந்தாள். வெறும் கட்டியில் ஒன்றும் இல்லை, இறால் கிடங்கு எதையும் சேர்க்கவில்லை. கோரின் வெளி அடுக்கில் அமிலம் மிகக் குறைவு. அடுத்ததில் கொஞ்சம் கூடுதல். அதற்கடுத்ததில் இன்னும் கூடுதல். கடைசி பாட்டிலுக்காக அவள் காத்திருந்தாள். கோடு எழுந்து, உயர்ந்து, இறங்கியது. எண் வந்தது.

"சார், உள்ள வாங்க."

"அங்கேர்ந்தே சொல்லிடுங்க மேடம்."

"உள்ள வந்தாத்தான் சொல்வேன்."

வந்தான். அவள் நாற்காலியை நகர்த்தி வழிவிட்டாள். திரையைப் பார்த்தான். அவன் கூடாரத்தில் அளந்த எண்ணுக்கும் அதற்கும் தசமப் புள்ளிக்கு அப்பால்தான் வித்தியாசம். அப்படியே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"நீங்க சரியாத்தான் அளந்திருக்கீங்க," என்றாள் ஜெனிட்டா.

"நீங்களும்தான்," என்றான் அவன். "ரெண்டு பேரும் சரி. ஐஸ்தான் மாறிப்போச்சு."

அப்போது கருவி பை அலசிய நீரை அளந்து முடித்தது. கோடு திரையின் உச்சிக்கே போனது. காணாமல் போன அமிலத்தில் பெரும்பங்கு பையின் உள்சுவரில் உட்கார்ந்திருந்தது. ஜெனிட்டா போட்ட கூச்சலில் பக்கத்து ஆய்வகத்திலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். ஏதோ தீ விபத்து என்று ஒருவர் வாளியோடு வந்தார்.

ஆனால் அவளுடைய சந்தோஷம் அதோடு நிற்கவில்லை. எவ்வளவு தடிமன், எத்தனை வருஷம், என்ன குளிர் என்பது தெரிந்தால் எவ்வளவு இழந்திருக்கும் என்று கணக்குப் போடலாம். கணக்குப் போட்டால், கிடங்கில் கிடந்த பழைய ஐஸிலிருந்துகூட முதல் அளவை மீட்டெடுக்கலாம். இதைச் சொல்லிக்கொண்டே அவள் அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். ஜெரால்ட் இன்னும் தரையிலேயே உட்கார்ந்து, அவள் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

விஷயத்தைக் கேட்ட சித்தீக், ஞாயிற்றுக்கிழமை இருவரையும் விருந்துக்குக் கூப்பிட்டான். சாப்பிட்ட பிறகு காயலுக்குப் படகில் கூட்டிப்போனான். இரண்டு பக்கமும் அலையாத்தி மரங்கள், வேர்களுக்கு நடுவே நண்டுகள். காடு முடிந்து காயல் விரிந்ததும் கடலின் வாசம் முகத்தில் அடித்தது.

"நாம தேடின அமிலமா மாறுற வாயு இந்த வாசத்துலயும் இருக்கு," என்றான் ஜெரால்ட். "அண்டார்டிகாவுல கடல்பனி உடையற நேரத்துல நின்னா இதே வாசம் வரும்."

ஜெனிட்டா கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். ஜெரால்ட் அவள் பக்கம் திரும்பி, "ஜெனிட்டா," என்றான். மேடம் இல்லாமல் அவன் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"என்ன சார்?"

"அந்த சாரை விட்டுடலாமா?"

"விட்டுட்டு எப்படிக் கூப்பிடறது?"

"எங்கம்மா எங்கப்பாவை 'என்னங்க'ன்னுதான் கூப்பிடுவாங்க."

அவளுக்கு ஒரு வினாடி புரியவில்லை. புரிந்ததும் படகு ஆடுமளவுக்குச் சிரித்தாள். பின்னால் இன்ஜினைப் பிடித்துக்கொண்டிருந்த சித்தீக் வேறு பக்கம் பார்த்தபடி சொன்னான்: "நான் எதையும் கேக்கலைப்பா. ஆனா பதிலை மட்டும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, இன்ஜின் இரைச்சல்ல காதுல விழாது."

"சரின்னுதான் சொல்றேன்!" என்று ஜெனிட்டா கத்தினாள். அலையாத்திக் காட்டிலிருந்து கொக்குகள் கிளம்பின.

டிசம்பரில் சென்னைக் கருத்தரங்கு மறுபடி நடந்தது. ஜெனிட்டா மேடையேறி, "போன தடவை இங்க நான் சொன்னது தப்பு," என்றுதான் ஆரம்பித்தாள். ஒவ்வொரு படமாகக் காட்டி முடித்தபோது எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அதன்பிறகு ஒருவர் கேட்ட முதல் கேள்வி, "ஐஸை இறாலோட வச்சீங்கன்னு சொல்றது உண்மையா?" என்பது.

வீட்டில்தான் கல்யாணத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச்சு நடந்தது. ஜெனிட்டாவின் வீடு கத்தோலிக்கம், ஜெரால்டின் வீடு லுத்தரன். அமலோற்பவம் இரண்டு நாள் மாதாவிடம் முறையிட்டார். மூன்றாம் நாள், "பக்கத்து டேபிளோட சமாதானமாப் போன்னு நான்தானே சொல்லித் தொலைச்சேன்," என்று தானே சிரித்துவிட்டார். சம்பா அறுவடை முடிந்ததும் பூண்டியில் கல்யாணம் வைத்தார்கள். முத்துப்பேட்டையிலிருந்து பெட்டி பெட்டியாக இறால் வந்து இறங்கியது.

பங்குத்தந்தையும் ஜெரால்ட் வீட்டுப் போதகரும் ஆளுக்கொரு ஜெபம் சொன்னார்கள். ஒன்றுக்கொன்று குறையாத நீளம். பிரியாணி வாசம் பந்தல் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. குழந்தைராஜ் தலைகுனிந்தபடியே மெல்ல எழுந்து, பின்வாசல் வழியாகச் சமையல்கட்டுக்குப் போனார். "ரெண்டாவது ஆமென் கேட்ட உடனே இலையைப் போடுங்கப்பா, மூணாவதுக்கு இடம் கொடுக்காதீங்க," என்று காதோடு சொல்லிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல வந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.